முதல் உருகல்

2006 ஒக்டோபர் 16, திங்கள்

காலை 7.40. பிறீசர் −22 பாகை. மண் உருளைகள் 11.

மழை, நாலாவது நாள். ஒஸ்லோவின் ஓரத்தில், எங்கள் ஹவுகன்ஸ்டுவா நிலையத்தில் ரயில் பதினாறு நிமிடம் தாமதம். தண்டவாளத்தில் இலை விழுந்துவிட்டதாம். இலையுதிர் காலத்தில் இலை விழும் என்பது இந்த நாட்டு ரயில்காரருக்கு ஒவ்வொரு வருடமும் புதுச் செய்தி.

ஆய்வுகூடக் கொப்பியில் எழுத முடியாததை இங்கே எழுதிவைக்கிறேன். பல்கலைக்கழகக் குளிரறையை ஓகஸ்டில் திருத்த வேலைக்கு மூடினார்கள். எல்லாரும் தங்கள் மாதிரிகளைப் பக்கத்துக் கட்டடத்துக்கு மாற்ற வேண்டும். அதற்குப் படிவம், கையொப்பம், மூன்று வார வரிசை. எனக்குப் பொறுமை இல்லை. பதினொன்றையும் அப்பாவின் காரில் ஏற்றி, எங்கள் மாடிக் கட்டடத்தின் கீழறையில் இருக்கும் வீட்டுப் பிறீசரில் வைத்துவிட்டேன். என் மேற்பார்வையாளர் இங்கெருக்குத் தெரியாது. பக்கத்துக் கட்டடத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உருளைகள்: வடக்கே, ஹம்மர்பெஸ்டிலிருந்து காரில் அரை நாள் தூரத்தில் ஒரு சதுப்பு. அதன் நடுவில் ஒரு மேடு. மேட்டின் வயிற்றில் கோடையிலும் உருகாத பனிக்கட்டி. அதற்குள் ஆயிரக்கணக்கான வருடமாக மக்காமல் கிடக்கும் பாசி, வேர், இலை. இரண்டு வருடத்துக்கு முன் துளையிட்டு எடுத்தது. ஒவ்வொன்றும் முழங்கை நீளம், வெள்ளித்தாள், அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை. துண்டு துண்டாக வெட்டிக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து, கண் முன்னால் உருகவிட்டு, வெளியே வரும் கரியமில வாயுவையும் மீதேனையும் அளக்க வேண்டும். நவம்பர் 6 தொடக்கம். முதல் உருகலில் வருவதுதான் எனக்கு வேண்டியது. அது ஒரு தடவைதான் வரும்.

அப்பா ஒவ்வொரு நாள் காலையும் வேலைக்குப் போகமுன் கீழே இறங்கி, வெப்பமானியைப் பார்த்து, பிறீசர் மூடியில் ஒட்டிய தாளில் பென்சிலால் எழுதுகிறார். நான் கேட்கவில்லை. அவராகத் தொடங்கியது. நோர்வேக்கு வந்த புதிதில் ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலை. இப்போது ஒரு உணவுக் களஞ்சியத்தின் குளிரறை. குளிரைப் பார்த்துக்கொள்வதற்கே இருபது வருடமாகச் சம்பளம் வாங்கும் மனிதர். ஒரு கட்டம்கூட விடவில்லை.

இன்று படியில்:

"உன்ரை சேத்துக்கு இருக்கிற மரியாதை என்ரை விளைமீனுக்கு இல்லை. பாதிப் பிறீசர் அதுக்குத்தான்."

"நவம்பர் ஆறு மட்டும் பொறுங்கோ அப்பா."

"அதுக்குப் பிறகு?"

"உருக்கப் போறன்."

"இவ்வளவு நாளும் நான் காவல் காத்தது உருக்கவோ? நல்ல படிப்படா இது."

சிரித்துக்கொண்டே போனார். மேல் மூச்சு கொஞ்சம் வாங்கியது. லிப்ட் வேலை செய்யவில்லை, அதனால் இருக்கும்.


ஒக்டோபர் 19, வியாழன்

மழை இல்லை. 5 பாகை. −22.

போத்தல் 44 கழுவினேன். இறப்பர் மூடிகளில் மூன்று கசிகின்றன. மாற்ற வேண்டும். குறடு ஒன்றைக் காணவில்லை. யாரோ எடுத்திருக்கிறார்கள், கேட்டால் யாரும் இல்லை.

கார்த்திக் வந்து மேசையில் ஏறி உட்கார்ந்தான். கோயம்புத்தூர்க்காரன். எங்கள் பிரிவில் நகரத்துக் காற்று மாசு பார்ப்பவன். குளிர்காலத்தில் ஆணி பதித்த டயர்கள் தார் வீதியைச் சுரண்டிக் கிளப்பும் தூசியை வடிதாளில் பிடித்து நிறுப்பது அவன் வேலை. முதல் பனிக்காக இவன் மட்டும்தான் ஒஸ்லோவில் ஆசையோடு காத்திருக்கிறான்.

"ரெடியா?" என்றான்.

"ஓம்."

"நீ ஓம் சொல்றப்பல்லாம் ஐயர் வந்து உக்கார்ந்த மாதிரியே இருக்குய்யா."

போகச் சொன்னேன். போகவில்லை. என் பிஸ்கட்டில் நாலைத் தின்றுவிட்டுத்தான் போனான்.

மாலை இங்கெர் கதவில் நின்று கேட்டார்: உன்னுடையவை எல்லாம் பக்கத்துக் கட்டடத்தில் பத்திரமாக இருக்கின்றனவா? பத்திரமாக இருக்கின்றன என்றேன். பொய்யில் பாதி உண்மை. கேட்டதும் போய்விட்டார். என்னை நம்புகிறார். அது எரிச்சலாக இருந்தது.

ஏன் இவ்வளவு கேட்கிறார் என்று தெரியும். செப்டெம்பரில் இருவரும் அந்த மேட்டுக்குத் திரும்பிப் போனோம், இன்னும் ஐந்து உருளை எடுக்க. ஜி.பி.எஸ். சரியான இடத்தைக் காட்டியது. சரியான இடத்தில் தண்ணீர். மேடு உள்ளே இடிந்து விழுந்து, குளமாகி, ஓரத்தில் கறுப்பு மண் துண்டு துண்டாகச் சரிந்துகொண்டிருந்தது. இடைக்கிடை குமிழி. இங்கெர் முப்பது வருடமாக இதே வேலை செய்பவர். பிளாஸ்கைத் திறந்து கோப்பி ஊற்றி, எனக்கும் தந்து, குடித்து முடிக்கும் வரை குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த மேட்டில் மிச்சம் இருப்பது எங்கள் கீழறையில். என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமும் அங்கேதான். ஒப்பந்தம் ஏப்ரலில் முடிகிறது. இந்த அத்தியாயம் சரிவந்தால் நீடிப்பார்கள். வராவிட்டால் இல்லை.


ஒக்டோபர் 22, ஞாயிறு

நேற்று. சனி. 11.20. அப்பா

வசனம் வரவில்லை. மறுபடி.

அப்பா நேற்றுக் காலை 11.20க்கு இறந்துவிட்டார். மாரடைப்பு. வயது 58. சனிக்கிழமை வேலை, களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும்போது விழுந்தாராம். கூட வேலை செய்யும் போலந்துக்காரர் எனக்குப் போன் அடித்தார். நான் ஆய்வுகூடத்தில் இறப்பர் மூடி மாற்றிக்கொண்டிருந்தேன். தெரியாத இலக்கம். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எரிச்சலோடு எடுத்தேன். "நீ மகனா?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எல்லாம் முடிந்து இருபத்தைந்து நிமிடம். அம்மா எனக்கு முன்னால் வந்திருந்தார். அப்பாவின் சப்பாத்தைக் கையில் வைத்திருந்தார்.

தாதி சொன்னார்: அடக்கம் வரை குளிரறையில் வைத்திருப்போம்.

நான் கேட்டேன்: எத்தனை பாகை?

என்னைப் பார்த்தார். நான்கு, என்றார்.

நான்கில் நுண்ணுயிர்கள் நிற்காது, மெதுவாகும், அவ்வளவுதான். அதை அந்தத் தாதியிடம் சொல்லவும் செய்தேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் என் தோளில் கை வைத்தார்.

தகனம் 30ஆம் திகதி, திங்கள், பகல் ஒன்றரை. அதற்கு முன் இடம் இல்லை என்றார்கள். செத்தும் வரிசை.

சின்னம்மா வந்துவிட்டார், அம்மாவின் தங்கை. நகரத்தின் மற்றத் தொங்கலில், பியோர்ண்டாலில் இருப்பவர். உடுப்புப் பையோடு வந்து, வீட்டுத் திறப்புக் கோர்வையை அம்மாவின் இடுப்பிலிருந்து கழற்றித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். "இனி நான் பாக்கிறன், நீ படு அக்கா." அம்மா படுக்கவில்லை. சுவரோடு இருந்தார்.


ஒக்டோபர் 25, புதன்

வெயில். வெட்கமில்லாத நல்ல வெயில்.

வீடு நிறையச் சனம். வாசலில் சப்பாத்து எண்ணினேன்: 31 சோடி. கீழ் வீட்டு நோர்வேஜியக் கிழவர் படி மறிபடுவதாக முறையிட வந்து, விடயம் கேட்டு, திரும்பிப் போய் ஒரு மெழுகுதிரி கொண்டுவந்து தந்தார்.

எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. மற்ற வீடுகளிலிருந்து சோறும் மரக்கறியும் வருகின்றன. பெரிய சட்டிகள், மூடியில் பிளாஸ்டர் ஒட்டிப் பெயர். எதை யாருக்குத் திருப்பிக் கொடுப்பது என்று சின்னம்மா பட்டியல் வைத்திருக்கிறார். என் ஆய்வுகூடத்தைவிட ஒழுங்கு.

காதில் விழுந்தவை:

"படுக்கையிலை கிடக்காமல் போயிட்டார். அது ஒரு புண்ணியம்."

"ஐம்பத்தெட்டு ஒரு வயசே?"

"பெடியன் அழேல்லைப் போல."

"படிச்ச பெடியன்."

"படிச்சால் அழக்கூடாதே?"

"உது வெளியிலை வராது, உள்ளுக்கை இறுகிப்போகும். என்ரை தமையனும் இப்பிடித்தான்."

எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிவிட்டு இருந்தேன். கண்ணாடிக்குக் கீழே அப்பாவின் சவர அலகு. மயிர் ஒட்டியிருந்தது. நரை.

சனி முதல் கீழறைக்குப் போகவில்லை. தாளில் நாலு கட்டம் வெறுமையாக இருக்கும். நாளைக்குப் போக வேண்டும்.


ஒக்டோபர் 26, வியாழன்

காலை 9.10. உருளைகள் 11. பிறீசர் +12.

மறுபடி: +12.

மூடி திறந்து ஒரு விறகுத் தடியால் முட்டுக் கொடுத்திருந்தது. உள்ளே வெறுமை. சவர்க்கார மணம், மஞ்சள் மணம். வயர் கழற்றி, சுற்றி, நூலால் கட்டி, மேலே வைத்திருந்தது. மீன் இல்லை, நண்டு இல்லை, ஒன்றுமில்லை. மூலையில் ஒரு வாழைப்பழப் பெட்டி. அதன் மேல் பழைய படுக்கை விரிப்பு, நாலு பக்கமும் செருகி. விரிப்பைத் தூக்கினேன்.

பதினொன்றும் இருந்தன. வரிசையாக. விரலால் அமத்தினேன். ஊறின தேயிலைச் சக்கை போல உள்ளே போனது. பெட்டியின் அடியில் கபிலத் தண்ணீர். பிளாஸ்டிக் உறைகள் உப்பியிருந்தன. உள்ளே வாயு. நான் இரண்டு வருடம் காத்திருந்த வாயு, ஹவுகன்ஸ்டுவாக் கீழறையில், சைக்கிள்களுக்கும் பழைய கதிரைகளுக்கும் நடுவில், யாரும் அளக்காமல். ஒன்றைத் தூக்கும்போது ஓரம் விட்டுவிட்டது. சத்தமே இல்லை. சதுப்பு மணம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

மேலே ஓடினேன். எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது. சனம் இருந்தது. எல்லார் முன்னாலும்.

"ஆர் பிறீசரைத் தொட்டது?"

சின்னம்மா கையில் தேத்தண்ணித் தட்டோடு நின்றார். "நான்தான் தம்பி. திங்கட்கிழமை. மீன், இறைச்சி எல்லாத்தையும் எடுத்துச் சனத்துக்குக் குடுத்திட்டன். செத்த வீட்டிலை மச்சம் வச்சிருக்கேலாதெல்லோ, முப்பத்தோராம் நாள் கிரியை முடியு மட்டும். ஐசும் இறுகிக் கிடந்தது. நிப்பாட்டிப்போட்டு நல்லாக் கழுவிவிட்டனான்."

"என்ரை உருளையள்?"

"உன்ரை சாமான் ஒண்டையும் நான் எறியேல்லை. மீன் தண்ணி படக்கூடாதெண்டு புறிம்பாப் பெட்டியிலை வச்சு, துணி போட்டு மூடினனான். பாக்கேல்லையே?"

"உங்களுக்கு மூளை இருக்கோ? கேட்டுத் தொடத் தெரியாதோ? இரண்டு வருச வேலை! திரும்ப எடுக்கேலாது! அந்த இடமே இல்லை இப்ப!"

சின்னம்மா தட்டைக் கீழே வைத்தார். "சேறு தானே அப்பு," என்றார். "சேறு பழுதாகுமே?"

நாலு வருடம் படித்ததெல்லாம் அந்த ஒரு கேள்விக்கான பதில்தான். அவர் முகத்தைப் பார்த்து ஒரு வசனம் சொல்ல வரவில்லை. பதிலாக ஏதோ கத்தினேன். "விசரி" என்று சொன்னேன் என்று நினைக்கிறேன். சொன்னேன்.

ஒரு மாமா: "தம்பி, செத்த வீடு. சத்தம் போடாதை."

அறைக்குள்ளிருந்து அம்மா வந்தார். ஐந்து நாளில் முதல் தடவையாகத் தானாக எழுந்து நடந்தார். "பிறீசரைத் துப்புரவாக்கச் சொன்னது நான். கத்துறதெண்டால் என்னோடை கத்து."

கீழே திரும்பினேன். வயரை மறுபடி சுவரில் குத்தினேன். பதினொன்றையும் புது உறையில் சுற்றி அடுக்கினேன். கபிலத் தண்ணீரைத் துடைத்தேன். இரவு மறுபடி இறங்கியபோது −15. வெப்பமானியின் ஒரு மூலையில் மட்டும், சின்ன எழுத்தில், அதிகபட்சம் +12 என்று நினைவில் இருந்தது. பக்கத்தில் பொத்தான். அமத்தினால் பழைய நினைவு அழியும்.

அமத்தினேன். ஒரு வினாடி.

இப்போது அது உருகியது என்பதற்கு எங்கள் வீட்டுக்கு வெளியே ஆதாரம் இல்லை.


ஒக்டோபர் 30, திங்கள்

3 பாகை. மூடல்.

வேட்டி எனக்குக் கட்டத் தெரியாது. யாரோ கட்டிவிட்டார்கள். அவிழாமல் இருக்கச் சின்னம்மா இடுப்பில் இரண்டு ஊசி குத்திவிட்டார். ஊசி தோலில் படாமல் தன் விரலை உள்ளே வைத்துக் குத்தினார்.

அப்பாவின் முகம் மெலிந்திருந்தது. கோட்டு, ரை. எங்கள் சொந்தத்தில் ஒருவருடைய கலியாணத்துக்கு வாங்கியது. வாய்க்கரிசி போட்டேன். குளிர். நெற்றி, உதடு, எல்லாம் ஒரே குளிர். அவர் வேலையால் வரும்போது கை அப்படித்தான் இருக்கும். என் கழுத்தில் வைத்து என்னைத் துள்ள வைப்பார், நான் பல்கலைக்கழகம் போன பிறகும்.

ஐயர் கேட்டதெல்லாம் செய்தேன். இடம், வலம், தேங்காய். ஒன்றும் விளங்கவில்லை. ஒஸ்லோவில் கொள்ளி வைக்க முடியாது. ஆறு பேருக்கு மேல் கீழே உலையறைக்கு வரக் கூடாது என்றார் தகனசாலைக்காரர். மிக மரியாதையாக. சுவரில் பச்சைப் பொத்தான். மகன் அமத்தலாம், விரும்பினால்.

அமத்தினேன்.

திரும்பி வரும் காரில் கணக்குப் பார்த்தேன். நிறுத்த முடியவில்லை. அப்பா எழுபது கிலோ. உடம்பில் கரி பதினெட்டு வீதம். பன்னிரண்டரை கிலோ சொச்சம். எரிந்தால் நாற்பத்தாறு கிலோ கரியமில வாயு. பெட்டி மரத்தைச் சேர்க்கவில்லை. இப்போது நகரத்துக்கு மேலே எங்கேயோ. காற்று தென்மேற்கு, மெதுவாக. ஹவுகன்ஸ்டுவாப் பக்கம்தான் வரும்.

பக்கத்தில் அம்மா. "என்ன யோசிக்கிறாய்?" என்றார்.

"ஒண்டுமில்லை."


நவம்பர் 1, புதன்

பனி. முதல் பனியே முழங்கால் வரை. நகரம் நின்றுவிட்டது. நடந்து போனேன், நிலையத்திலிருந்து ஆய்வுகூடம் வரை. சப்பாத்துக்குள் தண்ணீர்.

இங்கெர் என் அறைக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "கொண்டொலேரர்." அனுதாபம் சொல்ல இவர்களிடம் இருக்கும் ஒரே சொல். ஆனால் கையை விடவில்லை. பிறகு சொன்னார்: பரிசோதனையை ஜனவரிக்குத் தள்ளலாம், ஒப்பந்தத்தைப் பற்றி நான் கதைக்கிறேன். உறைந்திருக்கும் வரை அவற்றுக்கு அவசரம் இல்லை, ரூபன்.

இல்லை, ஆறாம் திகதியே தொடங்குகிறேன் என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சொன்ன பதில்.

சாப்பாட்டு அறையில் கார்த்திக்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறீசர், பெட்டி, பொத்தான். அவன் தயிர்ச்சோற்றை வைத்துவிட்டுக் கேட்டான்.

"இப்ப மறுபடி ஃப்ரீஸ் ஆயிடுச்சுல்ல?"

"ஓம்."

"அப்புறம் என்ன? ரன் பண்ணு. கார்பன் வந்து கோர்ட்ல சாட்சி சொல்லப் போகுதா?"

"முதல் வாயு போயிட்டுது. இப்ப அளந்தால் குறைவாத்தான் வரும். பனிமண் உருகினாலும் பெரிசா ஒண்டும் வராது எண்டு பிழையா ஒரு எண் போகும்."

"ஒரு பேப்பர். ஒரு டேபிள். அதுல ஒரு வரி. எவன்யா படிக்கப் போறான்?"

"இங்கெர் படிப்பா."

கார்த்திக் கதவுப் பக்கம் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "டேய், உங்கப்பா போயிட்டார். ஏப்ரல்ல உனக்கு வேலையும் போகணுமா? அம்மாவை யார் பாப்பா? மைனஸ் இருபத்திரண்டுல வச்சிருந்தேன்னு எழுது. வச்சிருந்தேல்ல? அது பொய்யா?"

பொய் இல்லை. அதுதான் பிரச்சினை. இவன் கெட்டவன் இல்லை. என் இடத்தில் நின்று யோசிக்கிறான். நானும் அதையேதான் ஆறு நாளாக யோசிக்கிறேன், அவனைவிட நல்ல வசனங்களில்.

தயிர்ச்சோற்றில் பாதியை எனக்குத் தந்தான். தின்றேன்.


நவம்பர் 3, வெள்ளி

−6 வெளியே.

காலை எழும்ப அம்மா வீட்டில் இல்லை. குளியலறை, பல்கனி, இல்லை. பயந்து படியால் இறங்கினேன். கீழறையில் விளக்கு எரிந்தது. வீட்டுச் சேலைக்கு மேல் அப்பாவின் வேலை ஜக்கெற். கையில் அப்பாவின் பென்சில். மூக்குக் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா செய்யிறியள்?"

"இருபத்திரண்டு," என்றார். எழுதினார்.

தாளைப் பார்த்தேன். 27 முதல் இன்று வரை அம்மாவின் எழுத்து. −19, −21, பிறகு எல்லாம் −22. சரியான எண்கள். பார்த்து எழுதியவை. அதற்கு மேலே, 22 முதல் 26 வரை, வெறுமையாக இருக்க வேண்டிய ஐந்து கட்டங்கள். ஐந்திலும் −22. அப்பா இரண்டு எழுதினால் அடியில் ஒரு சின்னச் சுழி வரும். இந்த இரண்டுகளிலும் சுழி இருந்தது. கொஞ்சம் பெரிதாக. ஒரு இடத்தில் அழித்து மறுபடி எழுதிய தடம்.

"இது ஆர் எழுதினது?"

பென்சிலைச் சட்டைப்பையில் போட்டார். எடுத்தார். பிறகு சொன்னார்:

"நீ அண்டைக்குக் கத்தினதிலை விளங்கிச்சுது, இது பிழைச்சால் உனக்குப் பிழைக்கும் எண்டு. கட்டம் வெறுமையாக் கிடந்தால் உங்கடை பேராசிரியர் கேப்பா தானே. அதுதான் நிரப்பிவிட்டனான்."

"அம்மா, அந்த நாளிலை அது இருபத்திரண்டு இல்லை."

"தெரியும்."

"பிறகு?"

"அவர் ஒரு நாளும் விட்டதில்லை. காய்ச்சலோடையும் இறங்கினவர். பாக்கிற சனம், இந்த மனுசன் ஐஞ்சு நாள் விட்டிட்டார் எண்டு நினைக்கக் கூடாது."

யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. மூடியில் கை வைத்துக்கொண்டு நின்றோம். இயந்திரம் இரைந்தது. அம்மா சொன்னார், "குளிருது, வா மேலை." நான் அசையவில்லை. அவர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் வந்தது. பதின்மூன்று நாளுக்குப் பிறகு, பிறீசர் மூடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, சத்தமாக. அம்மா முதுகைத் தடவிவிட்டுக்கொண்டிருந்தார். சைக்கிள் எடுக்க வந்த யாரோ ஒருவர் கதவைத் திறந்து, உடனே மூடிக்கொண்டு போனார்.

பொய் எண் எழுத அம்மாவுக்குத் தெரியாது. சுழி பெரிதாகிவிட்டது. எனக்குத் தெரியும். ஒரு பொத்தான், ஒரு வினாடி, தடமே இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.


நவம்பர் 5, ஞாயிறு

பனி நின்றது. பிற்பகல் 3.30, இருட்டத் தொடங்குகிறது. பிறீசர் −22. உருளைகள் 11. நாளை 6ஆம் திகதி.

கார்த்திக்குக்குப் போன் பண்ணிச் சொன்னேன், இங்கெரிடம் சொல்லப் போகிறேன் என்று. "லூசா நீ?" என்றான். பிறகு, "காலைல நானும் கதவுகிட்ட நிக்கட்டா?" வேண்டாம் என்றேன். "சரி, பிஸ்கட் வாங்கி வச்சுக்கறேன்." வைத்துவிட்டான்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சின்னம்மா தகனத்துக்கு மறுநாள் பியோர்ண்டாலுக்குத் திரும்பிவிட்டதால், உள்ளே தனியாகச் சட்டிகளைக் கழுவி, மூடிகளின் பெயரைப் பார்த்துப் பார்த்து அடுக்கிக்கொண்டிருக்கிறார். அப்பா இறந்த பிறகு முதல் தடவையாக ஏதோ வேலை செய்யும் சத்தம். குழப்ப மனம் வரவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் சொல்ல வேண்டும்.

இங்கெர் என்ன சொல்வார் என்று தெரியாது. அனேகமாக ஒன்றும் சொல்ல மாட்டார். கோப்பி ஊற்றினாலும் ஊற்றுவார். அந்த அத்தியாயம் போனது போனதுதான். அந்த மேடு இப்போது எங்கும் இல்லை, கீழறையிலும் இல்லை.

செய்ய வேண்டியவை:

1. இன்று: அம்மாவிடம் சொல்வது. கத்தாமல்.

2. நாளை காலை 7.00: கீழறை. வெப்பமானியைப் பார்த்து, காட்டுவதை எழுதுவது.

3. 8.15: இங்கெரின் கதவு. மின்னஞ்சல் இல்லை, நேரில். எங்கே வைத்தேன், எத்தனை நாள் உருகிக் கிடந்தது, வெப்பமானியின் நினைவை அழித்தது நான். சின்னம்மாவின் பெயர் வராது. பிறீசருக்குப் பொறுப்பு நான்.

4. பதினொன்றையும் ஒப்படைப்பது. இனி அளந்தால் ஒவ்வொரு போத்தலிலும் "இரண்டாம் உருகல்" என்று எழுதி ஒட்டுவது. வேறு பெயர் வைக்க யாரையும் விடுவதில்லை.

5. ஏப்ரலுக்குப் பிறகு வேலை. விளம்பரங்களை இந்தக் கிழமையே பார்க்கத் தொடங்குவது.

6. பியோர்ண்டால், சின்னம்மா வீடு. சட்டி திருப்பிக் கொடுக்கும் சாட்டில் அல்ல. மன்னிப்புக் கேட்க. சேறு ஏன் பழுதாகும் என்று கேட்டால், இருந்து, ஆறுதலாகச் சொல்வது.

7. பிறீசர் தாளை இங்கெரிடம் கொடுப்பது. 22 முதல் 26 வரை அம்மா எழுதியதை அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு, என் கையொப்பம், திகதி. பக்கத்தில்: அளவீடு இல்லை. காரணம்: அளந்தவர் இறந்துவிட்டார்.